எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு மார்க் போட்டோம்

எங்கள் சிறுதொழில் சங்கத்தில் நான் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், எனக்கு ஒற்றெழுத்து போடத் தெரியும் என்பதுதான். மற்ற உறுப்பினர்கள் இரும்பையும் ரப்பரையும் மயிரிழை பிசகாமல் வெட்டத் தெரிந்தவர்கள். ஆனால் மின்வாரியத்துக்கு ஒரு மனு எழுதச் சொன்னால் அவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் சங்கத்தின் மனுக்கள், வாழ்த்துகள், இரங்கல்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன.

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டினால் பெரிய கம்பெனிகளின் வளாகம் வரும். அதன் மதில் முடிகிற இடத்தில் சாலை சட்டென்று குறுகும், விளக்குக் கம்பங்கள் நின்றுபோகும். அங்கேதான் நாங்கள் இருக்கிறோம். நான் செய்வது கார் கதவுக்குள் ஒயர்களைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப். கார் வைத்திருக்கிற யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது உடைந்தால் மட்டும் கதவுக்குள் கடகடவென்று ஏதோ ஆடும், எங்களைத் திட்டுவார்கள்.

சங்கத் தலைவர் என் பக்கத்து ஷெட்டுக்காரர். அவர் குடும்பத்துக்கு அங்கே நன்செய் இருந்தது. நெல் விளைந்த இடத்தில் இப்போது தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்கள் நிற்கின்றன. போன வருடம் அவர் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, சாக்லேட் பொட்டலங்களோடு ஒரு யோசனையையும் கொண்டுவந்தார்.

"அங்க எம்.எல்.ஏ.வுக்கெல்லாம் மார்க் போடுறாங்க மேடம்" என்றார், செயற்குழுவில் எல்லோருக்கும் சாக்லேட்டைக் கொடுத்தபடி. "நம்மள மாதிரி ஃபேக்டரி வச்சிகினு கீற சங்கம்தான். எந்தச் சட்டத்துக்கு ஆமான்னாரு, எதுக்கு இல்லன்னாருன்னு பாத்து, தொழிலுக்கு நல்லது பண்ணா பாஸு, இல்லன்னா பெயிலு. நாம இன்னா பண்றோம்? வர்றவன் போறவனுக்கெல்லாம் பொன்னாடை."

செயற்குழு இதைக் கேட்டு வெட்கப்பட்டது. அந்த வருடப் பொதுக்குழுவுக்கு எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வை அழைப்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பொன்னாடையும் வாங்கியாகிவிட்டது. எனவே முதலில் மார்க், பிறகு பொன்னாடை என்று தீர்மானம் போட்டோம். மார்க் போடும் வேலை செயலாளருக்கு.

கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அப்போது சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியிருந்தது. அதில் இரண்டு விஷயங்கள். தொழிற்சாலைகள் வேலை அதிகமான மாதங்களில் ஷிப்ட் நேரத்தை நீட்டிக்கலாம் என்பது ஒன்று. அப்படி நீட்டித்தால் தொழிலாளிகளை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவரவும் கொண்டுபோய் விடவும் முதலாளி வண்டி விட வேண்டும் என்பது மற்றொன்று. எங்கள் சங்கம் முதல் பாதியைப் படித்துவிட்டு மகிழ்ந்து, இரண்டாம் பாதியை நடைமுறைச் சிக்கல் என்று குறித்துக்கொண்டது. எம்.எல்.ஏ.வின் கட்சியோ ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்தது. மசோதாவின் நல்ல அம்சங்களை ஆதரிப்பதாகவும் கெட்ட அம்சங்களை எதிர்ப்பதாகவும் அறிக்கை விட்டிருந்தது. எது எந்த அம்சம் என்று அறிக்கையில் இல்லை.

நான் செங்கல்பட்டில் இருக்கும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனேன். அவருடைய உதவியாளர் இரண்டு செல்போன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எம்.எல்.ஏ.வின் ஓட்டு விவரம் வேண்டும் என்றேன்.

"பூத் வாரியா கீது மேடம். எந்த வார்டு வேணும்?"

"அவருக்கு விழுந்த ஓட்டு இல்ல சார். அவர் போட்ட ஓட்டு."

"அவரு போட்டதா? கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டாரு. விரலைக் காட்டிகினு நிக்கற போட்டோ பேப்பர்லகூட வந்துச்சே."

சட்டசபையில் போட்ட ஓட்டு என்று விளக்கினேன். அவர் இரண்டு போன்களையும் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார்.

"யாராவது கேஸு போடப் போறீங்களா?"

"இல்ல, மார்க் போடப் போறோம்."

அவர் நல்ல மனிதர். எனக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார். சபையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதானாம். ஆதரிக்கிறவர்கள் 'ஆம்' என்று சொல்லச் சொல்வார்கள், எதிர்க்கிறவர்கள் 'இல்லை' என்று சொல்லச் சொல்வார்கள். எந்தச் சத்தம் பெரிதோ அது ஜெயிக்கும். யார் எந்தச் சத்தம் போட்டார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

"அப்போ எனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணனையே கேளுங்க மேடம். இப்ப திருக்கழுக்குன்றத்துல பஸ் ஸ்டாப் நிழற்குடை திறந்துகினு கீறாரு."

திருக்கழுக்குன்றம் போனபோது நிழற்குடை திறந்தாகியிருந்தது. எம்.எல்.ஏ. அதற்குள்ளேயே புது பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்காக வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். அவர் முன்பு லாரி வைத்திருந்தவர், பருத்த உடம்பு, யாரைப் பார்த்தாலும் அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றை நினைவு வைத்திருப்பார். என் தங்கை கல்யாணத்தில் பாயசம் நன்றாக இருந்ததாகச் சொன்னார். நான் மசோதாவைப் பற்றிக் கேட்டேன்.

"நல்ல சட்டம் தங்கச்சி" என்றார்.

"நீங்க ஆம் சொன்னீங்களா சார்?"

அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "உண்மையச் சொல்றேனே. அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. வாரம் பூரா கும்பாபிஷேகம், காதுகுத்தல், கட்சிக் கூட்டம். மைக்கை வுடவே வுடல. டாக்டரு ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்ட்டாரு. ஆனாலும் கடமைன்னு சபைக்குப் போனேன். குந்தினேன். சபாநாயகரு கேட்டாரு. நானும் வாயசைச்சேன்."

"என்னன்னு அசைச்சீங்க?"

அவர் எதிரே தெரிந்த கோயில் மலையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த கட்சிக்காரர்களும் மலையைப் பார்த்தார்கள்.

"தொழிலும் நல்லா இருக்கணும், தொழிலாளியும் நல்லா இருக்கணும்னு அசைச்சேன்."

"அது கொஞ்சம் நீளமா இருக்கே சார்" என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பொதுக்குழுவுக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டு அடுத்த திறப்பு விழாவுக்குப் புறப்பட்டார். நிழற்குடைக்குள் ஜனங்கள் புகுந்தார்கள்.

செயற்குழுவில் இதைச் சொன்னேன். தலைவர் மனம் தளரவில்லை. சபை நடவடிக்கையின் வீடியோ செல்போனில் வந்திருப்பதாகவும், அதில் நம்மவர் ஒரு நொடி தெரிவதாகவும் சொன்னார். பிரஸ் மெஷின்களுக்கு மேலே இருந்த அவருடைய அறையில் எல்லோரும் கூடினோம். கீழே மெஷின் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எங்கள் நாற்காலிகள் அதிர்ந்தன. காமிரா வரிசையாக உறுப்பினர்களைக் கடந்து போனது. எங்கள் எம்.எல்.ஏ.வின் வாய் திறந்திருந்தது, பிறகு காமிரா போய்விட்டது.

"'ஆம்'னு சொன்னா உதடு மூடணும். 'இல்லை'ன்னா மூடாது, நாக்கு மேல போவும்" என்றார் தலைவர். உடனே செயற்குழு முழுவதும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஆம், இல்லை, ஆம், இல்லை என்று சொல்லிப் பார்த்தது. சிறந்த தொழில்முனைவோர் என்று அரசாங்க விருது வாங்கியவர்கள்கூட அதில் இருந்தார்கள். டீ கொண்டுவந்தவர் கதவருகே தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்கென்னவோ கொட்டாவி மாரி கீது" என்றார் ரப்பர் வாஷர் செய்யும் உறுப்பினர்.

"கொட்டாவியும் வாயை மூடித்தான்யா முடியும்" என்றார் தலைவர். "மூடிச்சுல்ல? ஆம்தான். ஒரே கேள்வி, அதுவும் ரைட்டு. நூத்துக்கு நூறு."

பாராட்டுப் பத்திரத்தின் வாசகம் என் பொறுப்பு. என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில், 'பேரவையில் தொழில்துறைக்குக் குரல் கொடுத்த பெருந்தகை' என்று எழுதி, கீழே நூற்றுக்கு நூறு என்று பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டினேன். ஒற்றெழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தன.

பொதுக்குழுவுக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது என் தொழிற்சாலையில் பெரிய மோல்டிங் மெஷினை ஓட்டும் அம்மாள் என் அறைக்கு வந்தாள். எங்கள் பகுதிப் பெண் தொழிலாளர்களின் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அவள் அப்பாவும் அம்மாவும் எங்கள் தலைவர் குடும்பத்து வயலில் நடவு நட்டவர்கள். இவள் இப்போது அதே மண்ணின் பக்கத்து ஷெட்டில் மெஷினை வைத்துக்கொண்டு, பழுதானால் மெக்கானிக்கையே விரட்டுகிறவள்.

"மேடம், வியாழக்கிழமை மத்தியானம் எங்க எல்லாருக்கும் அரை நாள் லீவு வேணும்" என்றாள். "திருக்கழுக்குன்றத்துல மண்டபம் புடிச்சிகீறோம். எம்.எல்.ஏ.வுக்குப் பாராட்டு."

"எதுக்கு?"

"இன்னா மேடம் தெரியாத மாரி கேக்குறீங்க? ஷிப்ட் நேரத்தை நீட்டுற சட்டத்தை எதிர்த்து இல்லைன்னாரே, அதுக்குத்தான். வீடியோ எங்க குரூப்புல கீது." செல்போனை என் முன் நீட்டினாள். அதே நொடி, அதே வாய். "நாக்கு மேல போவுது பாருங்க. சுத்தமா தெரியுது."

நான் உற்றுப் பார்த்தேன். அவள் சொன்ன பிறகு எனக்கும் நாக்கு தெரிந்தது. லீவு கொடுத்தேன். எங்கள் பொதுக்குழுவும் அதே வியாழக்கிழமை காலையில்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பொதுக்குழு மாமல்லபுரத்துக்கு முன்னால், கடலோரத்து ரிசார்ட் ஒன்றில் நடந்தது. முந்தின நாள் அங்கே யாருக்கோ கல்யாண வரவேற்பு. மேடையின் பின்னால் ரோஜாப் பூக்களால் கட்டிய பெரிய இதயத்தை அவிழ்க்க ஆள் வரவில்லை. அந்த இதயத்துக்குள் எம்.எல்.ஏ.வும் எங்கள் தலைவரும் சோபாவில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். கடல்காற்றில் பொன்னாடை தலைவரின் முகத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து அவரை மீட்டு, அதை எம்.எல்.ஏ.வுக்குப் போர்த்தினார்கள்.

எம்.எல்.ஏ.வின் தொண்டை இப்போது நன்றாக இருந்தது. "இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு என்ன என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும்" என்று மேடைத் தமிழில் முழங்கினார். நாங்கள் கைதட்டினோம். மீன் வறுவலோடு சாப்பாடு போட்டோம். அவர் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். புறப்பட்ட அவசரத்தில் கண்ணாடிச் சட்டத்தைச் சோபாவிலேயே விட்டுவிட்டார்.

"மேடம், நீங்க கார்லதானே வந்தீங்க? பின்னாலயே போயி குடுத்துட்டு வந்துருங்க. விட்டுட்டுப் போனா நம்மளுக்கு மரியாதையா இருக்காது" என்றார் தலைவர்.

உதவியாளருக்குப் போன் செய்தேன். திருக்கழுக்குன்றம் மண்டபத்துக்கு வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எந்த மண்டபம் என்று எனக்குத் தெரியும். கார் ஓட்டிக்கொண்டு போன வழியெல்லாம், வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வாசலில் உதவியாளர் இல்லை. மண்டபத்தில் நாற்காலி கொள்ளாமல் பெண்கள் நின்றார்கள். பாதிப் பேர் என் தொழிற்சாலைக்காரர்கள். மேடையில் எம்.எல்.ஏ. சிவப்புத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நான் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதற்குள் மைக்கில் நின்ற எங்கள் மெஷின்கார அம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"எங்க மேடம் வந்துட்டாங்க! லீவும் குடுத்துட்டு, மரியாதை பண்ண அவங்களே வந்துகீறாங்க பாருங்க!" என்று கத்தினாள். கூட்டம் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டியது. பலர் என் தோளையும் முதுகையும் தொட்டு முன்னே தள்ளினார்கள். எப்படி மேடை ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. 'தொழிலாளர் விரோதச் சட்டத்தை எதிர்த்த மாவீரர்' என்று எழுதிய பேனருக்குக் கீழே, அதே சட்டத்தை ஆதரித்ததற்கு நூற்றுக்கு நூறு கொடுத்த கண்ணாடிச் சட்டத்தோடு நின்றேன்.

எம்.எல்.ஏ. ஒரு விநாடிதான் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு சட்டத்தை என் கையிலிருந்து வாங்கி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கள்! 'குரல் கொடுத்த பெருந்தகை'! யார் கொடுத்தது? முதலாளிகளே கொடுத்தது! என் எதிர்ப்பைக் கண்டு முதலாளிகளே எனக்கு நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறார்கள் தாய்மார்களே!"

மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. அவர் என் கையைக் குலுக்கினார். குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்ல வாசகம் தங்கச்சி. ரெண்டு பக்கமும் பொருந்துது" என்றார்.

அவர் போன பிறகு சட்டம் மறுபடியும் மேடை மேஜைமேல் கிடந்தது. மெஷின்கார அம்மாள் அதை எடுத்து முழுவதும் படித்தாள். எங்கள் சங்கத்தின் முத்திரையையும், அன்றைய தேதியையும், என் கையெழுத்தையும் பார்த்தாள். அவள் முகம் முதலில் கறுத்தது. கொஞ்ச நேரம் கழித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஒரே மாப்ளைக்கு ரெண்டு வூட்லயும் நிச்சயம் பண்ணிட்டோமா மேடம்?"

"காலையில எங்க வீட்ல மீன் வறுவல் வேற போட்டோம்" என்றேன்.

இருவரும் மண்டபத்து வாசல் படியில் உட்கார்ந்தோம். அவள் கூட்டத்துக்கு வாங்கிய கேசரியில் மிச்சத்தை எனக்கு ஒரு காகிதத்தட்டில் கொண்டுவந்தாள். வருடக்கணக்காக ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறோம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சட்டத்தை வுடுங்க மேடம். உங்களுக்கு இன்னாதான் வேணும்?" என்று கேட்டாள்.

"தீபாவளிக்கு முன்னாடி பெரிய கம்பெனிக்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். அந்த ரெண்டு மாசம் கொஞ்சம் கூடுதலா மெஷின் ஓடணும். அவ்வளவுதான். உனக்கு?"

"ஸ்டேஷன்லேர்ந்து வண்டி. ஷேர் ஆட்டோல மடிமேல மடி குந்திகினு வரோம். அதுவும் கிடைக்கலன்னா லாரி ஓரமா நடை. போன மாசம் ஒருத்திய லாரி உரசிட்டுப் போச்சு, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்தப் பெண் நான்கு நாள் வரவில்லை என்பது மட்டும் தெரியும். காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியா விட்டிருப்பீங்க? மெமோ குடுத்திருப்பீங்க."

கோபம் வந்தது. கேசரியைத் தின்று முடித்தேன். அந்த இரண்டு மாதம் மட்டும் நேரம் நீட்டுவது, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் சம்பளம், வருடம் முழுவதும் வண்டி என்று படியிலேயே பேசி முடித்தோம். வருடம் முழுவதும் என்றபோது நான் கொஞ்சம் இழுத்தேன். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போகத் தயாரானாள். நான் ஒத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த ஷிப்ட் சட்டத்தை அரசே திரும்பப் பெற்றது. அதற்கும் குரல் வாக்கெடுப்புதான். இந்த முறை எங்கள் எம்.எல்.ஏ.வின் குரல் எல்லோரையும் மீறித் தனியாகக் கேட்டது. தெளிவாக 'ஆம்' என்றார். திரும்பப் பெற்றதை வரவேற்றுச் செங்கல்பட்டில் சுவரொட்டி ஒட்டினார்கள். எங்கள் தலைவர் அதைப் பார்த்துவிட்டு நேரே என் ஷெட்டுக்கு வந்தார்.

"இப்ப இன்னா மேடம் பண்றது? இந்த வருஷம் பெயில் போடணுமா?"

"போட்டா அவர் நம்ம மதகைச் சரிபண்ணித் தருவாரா தலைவரே?" என்று கேட்டேன். எங்கள் தெருமுனையில் மழைநீர் போகிற மதகு உடைந்து, லாரிகள் ஒவ்வொன்றும் அங்கே சாய்ந்து நிமிர்ந்துதான் வரும்.

தலைவர் யோசித்தார். "பேஜாரு மேடம். பாஸே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி இன்றும் ஓடுகிறது. படூர்ப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்த பழைய வேன் அது. தலைவரின் பிரஸ் ஷெட்டில் வேலை செய்கிறவர்களும் அதில் இடம் கேட்டார்கள். அவர் ஒரு வாரம் நடைமுறைச் சிக்கல் என்று முனகிவிட்டுச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார். யார் எங்கே உட்காருவது என்பதை மெஷின்கார அம்மாள்தான் தீர்மானிக்கிறாள். அதில் குரலுக்கு வேலையே இல்லை, ஒரு பார்வை போதும்.

இந்த ஐப்பசியில் விடாமல் மழை கொட்டிய ஒரு காலையில், மெஷின்கள் சூடேறித் தயாராக நின்றன, ஆள் வரவில்லை. பெரிய கம்பெனியிலிருந்து லாரி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள். பின்னால் பெண்களின் கூச்சலும் சிரிப்பும் கேட்டன.

"மேடம், வேனு தண்ணியில நின்னுபோச்சு. எறங்கித் தள்ளிகினு வரோம். ரெண்டு கொடம் தண்ணி வச்சி டீ போடுங்க, நாஸ்தாவும் வாங்கி வையுங்க."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.